மறு: வீட்டு எரிவாயுக் குழாய்: ‘அழுத்தச் சோதனை’ ஒன்றே போதுமா?

> புதுக் குழாயில் செய்யும் பிரஷர் டெஸ்டுக்கு அகராதியில் ‘அழுத்தச் சோதனை’ என்றே போட்டுவிடலாமா? ‘இறுக்கச் சோதனை’ என்றும் ஒரு பரிந்துரை வந்திருக்கிறது.

வணக்கம் ஐயா.

பொதுச்சொல்லாக ‘அழுத்தச் சோதனை’ இருக்கட்டும். ஆனால் அதற்குள் இரண்டு வேலைகள் கிடக்கின்றன. பிரிட்டனில் ஸ்ட்ரெங்த் டெஸ்ட், டைட்னெஸ் டெஸ்ட் என்று பிரித்துத்தான் சொல்கிறார்கள். குழாயும் மூட்டும் கூடுதல் அழுத்தத்தைத் தாங்குமா என்று பார்ப்பது முதலாவது, ‘தாங்குசோதனை’ எனலாம். ஏற்றிய அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பது இரண்டாவது.

அதற்கு ‘இறுக்கம்’ வேண்டவே வேண்டாம். குழாய் வேலையில் இறுக்குவது என்றால் ரெஞ்ச் போட்டு முறுக்குவதுதான். இறுக்கச் சோதனையில் தேறவில்லை என்று எழுதினால், படிப்பவர் இன்னொரு சுற்று முறுக்கி மரையைக் கெடுத்து வைப்பார். ‘கசிவுச் சோதனை’யும் எனக்கு ஒப்பவில்லை. சோப்பு நுரையைத் தடவிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்ப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தும். நாம் பேசும் இரண்டாவது சோதனை அதற்கு முந்தைய படி. எங்கே என்று கேட்பதில்லை, உண்டா இல்லையா என்று மட்டும் கேட்கிறது. ‘கசிவின்மைச் சோதனை’ என்பது என் பரிந்துரை.

அளவுகளைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். நம் வீடுகளில் மீட்டருக்கு அப்பால் குழாய் எரிவாயு 21 மில்லிபார் அளவில்தான் வருகிறது. பிரிட்டனில் வீட்டுக் கசிவின்மைச் சோதனையும் ஏறத்தாழ அதே அழுத்தத்தில்தான்: ஒரு நிமிடம் விட்டுவைத்து, பிறகு 2 நிமிடம் அழுத்தமானியைப் பார்ப்பார்கள். புதுக் குழாய் என்றால் கண்ணுக்குத் தெரிகிற இறக்கமே கூடாது. அமெரிக்க விதி புதுக் குழாய்க்குக் குறைந்தது 3 பிஎஸ்ஐ கேட்கிறது, அதாவது சுமார் 207 மில்லிபார். தனி வீட்டுக்குக் குறைந்தது 10 நிமிடம். காற்றோ நைட்ரஜனோ ஏற்றலாம். ஆக்சிஜன் மட்டும் கூடவே கூடாது.

பிரிட்டன் சோதனையில் விட்டுவைக்கும் அந்த முதல் ஒரு நிமிடத்துக்கு ‘ஆறவிடும் நேரம்’ என்று வைக்கலாமா?

---

> ‘ஆறவிடும் நேரம்’

தாங்குசோதனை, கசிவின்மை இரண்டும் சரி. இதுதான் இடிக்கிறது. பம்பு அடித்த காற்று சூடாக இருந்தால் ஆறும், உண்மை. மொட்டைமாடிக் குழாயில் வெயில் ஏறினால்? உள்ளே 1 டிகிரி கூடினாலே சுமார் 3.4 மில்லிபார் ஏறிவிடும், தண்ணீர் ஊற்றிய யூ வடிவக் குழாய் மானியில் கிட்டத்தட்ட 35 மில்லிமீட்டர் தண்ணீர். சின்னக் கசிவு இருந்தாலும் மானி அசையாமல் நின்று ஏமாற்றும். ‘நிலைகொள்ளும் நேரம்’ என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.

அப்புறம் இன்னொன்று. பிரஷர் டிராப்புக்கு ‘அழுத்த இழப்பு’ என்று அகராதி வரைவில் இருக்கிறது. வாயு ஓடும்போது உராய்வால் குறைவதற்கு அது சரி. சோதனையில் வாயு ஓடுவதே இல்லையே. இங்கே ‘அழுத்த இறக்கம்’ வேண்டும். பிளம்பர்களும் “பிரஷர் நிக்குதா, இறங்குதா” என்றுதான் கேட்கிறார்கள்.

---

வெயில் கணக்கு சரிதான், ‘நிலைகொள்ளும் நேரம்’ என்றே போடுங்கள். ‘இழப்பு’, ‘இறக்கம்’ இரண்டையும் தனித்தனிப் பதிவாக வையுங்கள். பர்ஜிங்குக்கு, அதாவது குழாயில் இருக்கும் காற்றை எரிவாயு விட்டு வெளியேற்றுவதற்கு, தனி இழை தொடங்குகிறேன். அதற்கு ‘கழுவுதல்’ என்று வந்திருக்கும் பரிந்துரையைப் பார்த்தால் யாராவது குழாயில் தண்ணீர் விட்டுவிடுவார்கள்.