தாத்தா வீடு குழு: எரிந்த காசினோவும் ஏழு பாட்டும்

பாப்பா: 🎥 வீடியோ (0:21)

பாப்பா: கிட்டார் வகுப்பில் இந்த வாரம் சொல்லிக்கொடுத்தது. என்ன பாட்டு என்று யாருக்காவது தெரிகிறதா?

மதுரை அத்தை: சூப்பர் தங்கம் 👏👏 எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது. ஏதாவது விளம்பரத்தில் வருமோ?

சித்தப்பா: ஸ்மோக் ஆன் தி வாட்டர். டீப் பர்ப்பிள் என்கிற பிரிட்டிஷ் ராக் குழு, மெஷின் ஹெட் ஆல்பம், 1972. நன்றாக வருகிறது பாப்பா. ஆனால் நீ பிக்கால், அந்தச் சின்ன வில்லையால் அடிக்கிறாய். அந்தக் குழுவின் கிட்டார்க்காரர் பிளாக்மோர் இரண்டு தந்திகளையும் விரலால் ஒரே நேரத்தில் இழுப்பார். ஒன்றன்பின் ஒன்றாக விழக் கூடாது, இரண்டும் சேர்ந்து விழ வேண்டும்.

அண்ணா: சித்தப்பா ஆரம்பித்துவிட்டார். சித்தி, இன்று சாப்பாட்டை மூடி வைத்துவிடுங்கள் 😄

பாப்பா: சார் பிக்கில்தான் காட்டினார். விரலால் முயன்று பார்க்கிறேன். பாட்டில் ஏதோ தீப்பிடிக்கிற கதை வருகிறதே, அது நிஜமா?

சித்தப்பா: நிஜம்தான். சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் மான்ட்ரூ என்று ஓர் ஊர். அங்கே இருந்த காசினோவில் ஆல்பம் பதிவு செய்யத்தான் இவர்கள் 1971 டிசம்பரில் போனார்கள். குளிர்காலத்துக்காகக் காசினோவை மூடப் போகிறார்கள், கட்டடம் முழுக்க இவர்களுக்கு. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமாக லாரிக்குள்ளேயே ஒரு ஸ்டுடியோ இருந்தது. அதை வாடகைக்கு எடுத்து வாசலில் நிறுத்துவதாகத் திட்டம்.

சித்தப்பா: மூடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கச்சேரி பாக்கி. டிசம்பர் 4, சனிக்கிழமை பிற்பகல், ஃபிராங்க் ஜாப்பா என்கிற அமெரிக்க ராக் இசைக்கலைஞர். பார்க்க வந்தவர்களில் யாரோ ஒருவன் ஃப்ளேர் துப்பாக்கியை, அதாவது எரிகிற சமிக்ஞைக் குண்டு சுடும் துப்பாக்கியைக் கூரையைப் பார்த்துச் சுட்டுவிட்டான். பிரம்பு வேய்ந்த கூரை. கேட்கவா வேண்டும்.

மதுரை அத்தை: அடப்பாவி! யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே?

சித்தப்பா: உயிர்ச்சேதம் இல்லை அக்கா. ஜாப்பா மேடையிலிருந்தே பதறாமல் எல்லோரையும் வெளியேறச் சொன்னார். மான்ட்ரூ ஜாஸ் விழாவை நடத்திய குளோட் நோப்ஸ் உள்ளே ஓடி ஓடிப் பிள்ளைகளை வெளியே கொண்டுவந்தார். பாட்டில் அவர் பெயரே வரும். கட்டடம்தான் முழுக்கப் போயிற்று. ஜாப்பா குழுவின் வாத்தியங்களும் போயின.

பெரியப்பா: ஞாயிறு சீமந்தத்துக்கு வேன் சொல்லியாயிற்றா? யாரும் பதில் போடவில்லை.

அண்ணா: சொல்லிவிட்டேன் பெரியப்பா. காலை 5:30க்கு வாசலில் நிற்கும்.

பாப்பா: அப்போது டீப் பர்ப்பிளும் உள்ளே இருந்தார்களா?

சித்தப்பா: கச்சேரி பார்க்கப் போயிருந்தார்கள். தப்பித்து ஓட்டலுக்கு வந்து, ஜன்னல் வழியாக ஏரி மேல் புகை பரவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில நாள் கழித்துப் பேஸ் கிட்டார்க்காரர் ரோஜர் குளோவர் தூக்கத்திலிருந்து எழும்போதே அந்தத் தலைப்பு வாயில் வந்ததாம். பாட வேண்டிய கில்லனுக்கு அது போதைமருந்துப் பாட்டு மாதிரி தோன்றியிருக்கிறது.

அண்ணா: 😂

சித்தப்பா: கில்லன் அப்போதுதான் கல்லீரல் அழற்சியிலிருந்து எழுந்து வந்திருந்தார். அதனால் அந்த இலையுதிர் காலத்து அமெரிக்கச் சுற்றுப்பயணமே ரத்து.

மதுரை அத்தை: காமாலையா? அங்கே கீழாநெல்லிக்கு எங்கே போவான் பாவம்.

சித்தப்பா: 🙏 சரி, கேளுங்கள். காசினோ போனதும் நோப்ஸ் பெவிலியன் என்கிற அரங்கத்தைப் பிடித்துக் கொடுத்தார். ஊருக்கு நடுவில், ராத்திரி, முழுச் சத்தத்தில் வாசித்தால் யார் சும்மா இருப்பார்கள்? போலீஸ் வந்துவிட்டது. பதிவு முடிகிறவரை குழுவின் ஆட்கள் கதவை உள்ளிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். பாப்பா, இப்போது நீ வாசித்தாயே, அதன் இசை அன்றைக்குப் பதிவானதுதான். வரிகள் இன்னும் எழுதப்படவில்லை, தலைப்பும் கிடையாது.

பாப்பா: போலீஸ் வெளியே நிற்கும்போதா!! 😳

சித்தப்பா: ஆமாம். அப்புறம் கிடைத்த இடம் கிராண்ட் ஓட்டல். குளிர்காலம் என்பதால் பூட்டிக் கிடந்தது, ஒரே குளிர். தாழ்வாரத்தின் கோடியில் டிரம்ஸைப் போட்டு, எதிரொலிக்காமல் இருக்க மெத்தைகளை நிறுத்தி வைத்து, ஹீட்டர் வைத்து வாசித்தார்கள். லாரி வெளியே நிற்கிறது. வாசித்ததைக் கேட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அறை அறையாகப் புகுந்து, பால்கனி தாண்டி, பனியில் நடந்து லாரிக்குப் போக வேண்டும். கொஞ்ச நாளில் போவதையே விட்டுவிட்டார்கள். "நன்றாக வந்ததா?" "வந்தது." அடுத்த பாட்டு. அந்த ஆல்பத்தில் இருக்கும் வேகம் அங்கேயிருந்துதான் வந்தது. தீப்பிடிக்காமல் இருந்திருந்தால் மெஷின் ஹெட் சாதாரண ஆல்பமாகப் போயிருக்கும்.

அண்ணா: சித்தப்பா, இங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. தீ கொடுத்தது ஒரே ஒரு பாட்டு. அதே ஆல்பத்தின் ஹைவே ஸ்டார் பாட்டு மான்ட்ரூவுக்கு முன்பே மேடையேறிவிட்டது. 1971 செப்டம்பரில், கச்சேரிக்குப் போகிற பேருந்தில், "பாட்டெல்லாம் எப்படி எழுதுகிறீர்கள்?" என்று ஒரு பத்திரிகையாளர் கேட்க, பிளாக்மோர் கிட்டாரை எடுத்து அங்கேயே ஆரம்பித்தார், கில்லன் வரி சேர்த்தார். வருடம் முழுக்கச் சேர்ந்து வாசித்த கைகள். அதனால்தான் டிசம்பர் 6இலிருந்து 21க்குள் முடித்தார்கள். கைப்பழக்கம் இல்லாத குழுவை அந்தத் தாழ்வாரத்தில் விட்டிருந்தால் ஜலதோஷம்தான் வந்திருக்கும்.

சித்தப்பா: கைப்பழக்கம் எல்லாக் குழுவுக்கும் இருந்ததுடா. இந்தச் சத்தம் எத்தனை பேருக்கு வந்தது?

அண்ணா: அதற்கு மார்ட்டின் பர்ச் என்கிற இன்ஜினியரைக் கும்பிட வேண்டும். கூடவே ஜான் லார்ட். ஹாமண்ட் ஆர்கனைக் கிட்டார்க்காரர்களின் மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் செருகி வாசித்தவர். பாப்பா, பாட்டின் தொடக்கத்தை ஹெட்ஃபோனில் கேள். முதலில் கிட்டார் தனியாக. அப்புறம் டிரம்ஸின் ஹை-ஹாட் தாளத்தோடு கரகரவென்று சேருவது இன்னொரு கிட்டார் இல்லை, ஆர்கன். பேஸ் கடைசியில்தான் வரும்.

பாப்பா: அது ஆர்கனா!! இத்தனை நாள் இரண்டு கிட்டார் என்று நினைத்தேன்.

சித்தப்பா: ஆர்கன் விஷயத்தில் உன்னை மறுக்க மாட்டேன். இன்னொரு வேடிக்கை, இந்தப் பாட்டை அவர்கள் பெரிதாக நினைக்கவே இல்லை. கடைசியில் ஆல்பத்துக்கு நீளம் போதவில்லை. அப்போதுதான் பெவிலியனில் பதிந்த அந்த இசை ஞாபகம் வந்து, நடந்த கதையையே வரிகளாக எழுதிச் சேர்த்தார்கள். முதல் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டு இசைத்தட்டாக, அவர்கள் நம்பி வெளியிட்டது அதே ஆல்பத்தின் நெவர் பிஃபோர். பிரிட்டனில் 35ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. ஸ்மோக் ஆன் தி வாட்டர் 1973இல்தான் அமெரிக்காவில் சிங்கிளாக வந்து 4ஆம் இடம்வரை போயிற்று.

மதுரை அத்தை: அந்தக் காசினோ என்ன ஆயிற்று?

சித்தப்பா: திரும்பக் கட்டி 1975இல் திறந்தார்கள் அக்கா. அதற்குள்ளேயே ஒரு ஸ்டுடியோவும் வந்தது. பிறகு அதை குவீன் குழு வாங்கியது.

பெரியப்பா: வேனில் எத்தனை பேர்? பெயர் போடவும்.

மதுரை அத்தை: நானும் உங்கள் மாமாவும்.

பாப்பா: நான், அம்மா. கிட்டார் எடுத்து வரலாமா?

பெரியப்பா: மடியில் வைத்துக்கொள்வதானால் சரி.

அண்ணா: வழியில் முழு ஆல்பமும் போடலாம், ஏழு பாட்டு, 37 நிமிடம்தான். சித்தப்பா, ஒன்று மட்டும் சொல்லுங்கள். அதே மான்ட்ரூவில் பதிந்த வென் எ பிளைண்ட் மேன் கிரைஸ் பாட்டை ஆல்பத்தில் சேர்க்காமல் நெவர் பிஃபோர் சிங்கிளின் பின்பக்கத்தில் தள்ளினார்களே, அது நியாயமா?

சித்தப்பா: கொஞ்சமும் நியாயம் இல்லை. பிளாக்மோருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். 1997 பதிப்பில்தான் ஆல்பத்தோடு சேர்த்தார்கள். நெவர் பிஃபோரைத் தூக்கிவிட்டு அதை வைத்திருக்க வேண்டும்.

அண்ணா: அப்பாடா, ஒன்றிலாவது ஒத்துப்போனோம். வேனில் அதை முதலில் போடுகிறேன்.

பெரியப்பா: வேனில் முதல் பாட்டு பிள்ளையார் பாட்டு.