தேயிலைப் பெட்டியில் இருக்கும் முத்திரைகள் பற்றி ஒரு உதவி

அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். நான் ஹட்டன் பக்கம். கனடாவில் இருக்கும் என் சித்தி மகள் அங்கே சின்னதாகத் தேயிலைக் கடை போடப் போகிறாள். "கொழுந்து பறிக்கிறவங்களுக்கும் ஏதாவது போய்ச் சேர்ற தேயிலையா பார்த்துச் சொல்லு" என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டாள்.

தேடிப் பார்த்தேன். வாள் ஏந்திய சிங்கம் இருந்தால் அது தூய இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்தது. சம்பளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. தவளை முத்திரை ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸுடையது; காடு, மண், மருந்தடிப்பு, தொழிலாளர் நிலைமை எல்லாம் பார்ப்பார்கள். ஃபெயார்டிரேட் என்று இன்னொரு முத்திரை; அதில் தேயிலை விலைக்கு மேல் ஒரு தொகை தனியாக வரும். அதை எதற்குச் செலவழிப்பது என்று தொழிலாளர்கள் தெரிவு செய்த குழுதான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் முத்திரை பெற்ற தோட்டமானாலும், ஃபெயார்டிரேடாக விற்ற அளவுக்குத்தான் அந்தத் தொகை. இதைப் பெட்டியில் யார் எழுதுகிறார்கள்!

அப்படிப்பட்ட தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள், குழுவில் இருந்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? குழுவுக்கு நீங்களே ஆள் தெரிவு செய்தீர்களா, இல்லை பெயர்ப்பட்டியல் ஒஃபிஸிலிருந்து வந்ததா? காசு எதற்குப் போனது, தண்ணீர்த் தாங்கிக்கா, பிள்ளைகள் படிப்புக்கா? அப்புறம், பறித்த கொழுந்தை நிறுக்கும்போது இலையின் ஈரம், சாக்குப் பையின் எடை என்று சொல்லித் தராசில் கிலோ கழிப்பது அங்கேயும் நடக்கிறதா? எனக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது இதுதான்.

சொந்தமாகச் சிறு தோட்டம் வைத்துத் தூள் செய்து விற்கிறவர்களும் சொல்லுங்கள். வெளியில் எழுத யோசனையாக இருந்தால் இன்பொக்ஸில் போடுங்கள், தோட்டத்தின் பெயர்கூட வேண்டாம்.