பதுங்குகுழிக் காட்சியில் பதற்றமே வரவில்லை, வழி சொல்லுங்கள்

நண்பர்களே, வணக்கம். போர்க் குறும்படம் ஒன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். பதுங்குகுழிக்குள் ஒரு சிப்பாய். மேலே யாரோ நடக்கிற சத்தம். மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கிறான், அவ்வளவுதான் காட்சி. எடுத்ததைப் போட்டுப் பார்த்தால் பயமே வரவில்லை.

முதலில் கேமராவைக் கையில் பிடித்து ஆட்டி ஆட்டி எடுத்தேன். கண்தான் வலித்தது. 1998இல் வந்த 'சேவிங் பிரைவேட் ரயன்' கடற்கரைச் சண்டைக்கு ஒளிப்பதிவாளர் யானுஷ் காமின்ஸ்கி ஷட்டர் கோணத்தை (ஒவ்வொரு ஃபிரேமிலும் எவ்வளவு நேரம் ஒளி விழும் என்பதற்கான அளவு) வழக்கமான 180 டிகிரியிலிருந்து 90க்கும் 45க்கும் குறைத்தார். அசைவின் மங்கல் போய், தெறிக்கிற மண் துகள் துகளாகத் தெரியும். நானும் 45 வைத்தேன். ஓடுகிற காட்சி அருமையாக வந்தது. ஆனால் அசையாமல் உட்கார்ந்திருப்பவனிடம் வித்தியாசமே தெரியவில்லை. வெளிச்சம் இரண்டு ஸ்டாப், அதாவது நாலில் ஒரு பங்காக, குறைந்து குழி இருண்டுபோனதுதான் மிச்சம்.

ஒரே ஒரு ஷாட் மனதுக்குப் பிடித்திருக்கிறது. 85 எம்எம் லென்ஸில் அவன் கழுத்து மட்டும். வியர்வைத் துளி ஒன்று காலருக்குள் இறங்குகிறது, மேலிருந்து மண் உதிர்ந்து அதன்மேல் ஒட்டுகிறது. நடப்பவனை நாம் பார்ப்பதேயில்லை. எதிரியைக் கடைசிவரை காட்டாமல் இருப்பதே சரி என்று உறுதியாகத் தோன்றுகிறது.

மீதியை என்ன செய்ய? வெட்டாமல் மூன்று நிமிடம், மெதுவாக அவன் முகத்தை நோக்கி நகரலாமா? இல்லை, கண், கை, மேல்பலகை என்று வெட்டிக்கொண்டே போகலாமா? நகர்வதென்றால் கேமராவைத் தள்ளும் சக்கர வண்டியான டாலியிலா, கையிலேயேவா? இப்படிக் காட்சி எடுத்த அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அடுத்த வாரம் மறுபடி எடுக்கிறேன்.