காலியிலிருந்து உலிகனுக்குப் பாய்ப்படகில்: போனவர்கள் சொல்பவை

கொழும்பிலிருந்து கிளம்புகிறவர்கள் சாமான்களைக் கொழும்பில் வாங்கி, படகைக் காலித் துறைமுகத்தில் ஆயத்தமாக வைத்திருங்கள். அங்கிருந்து மாலைதீவின் வடமுனையிலுள்ள உலிகன் ஏறக்குறைய 435 கடல் மைல். சராசரி 5 நொட் (மணிக்கு 5 கடல் மைல்) ஓடினால் 87 மணித்தியாலம். திங்கள் மாலை 6 மணிக்குப் பாய் ஏற்றினால் வெள்ளி காலை 9 மணிக்குப் போய்ச் சேருவீர்கள். அங்கே வெள்ளியும் சனியும் அரச விடுமுறை. நுழைவு அனுமதி கிடைக்கும்வரை ஏற்றும் மஞ்சள் கொடியோடு படகிலேயே காத்துக் கிடக்க வேண்டிவரும். புதன் மாலை புறப்பட்டால் ஞாயிறு காலை. மாலைதீவு நேரம் நமக்கு அரை மணி பின்னால். இருட்டில் போய்ச் சேரும் நிலை வந்தால் உள்ளே போகவே வேண்டாம். 10 மைல் வெளியே பாயைச் சுருக்கி விடியும்வரை நில்லுங்கள்.

*

மேலே எழுதிய அண்ணா சொன்ன 5 நொட் கணக்கு தை, மாசி வாடைக்குச் சரி. அப்போது நீரோட்டமும் மேற்கே இழுக்கும். ஆனால் காலியை விட்டதும் இலங்கையின் மறைவில் காற்று செத்துவிடும். அதை நம்பி எல்லாப் பாயையும் ஏற்றிவிடுகிறார்கள். மறைவு தாண்டியதும் மன்னார் வளைகுடா வழியாக வரும் காற்று 20, 25 நொட்டில் பக்கவாட்டில் அடிக்கும், அலையும் குறுகலாக இருக்கும். பொழுது சாயுமுன் பெரும்பாயில் இரண்டு மடிப்பு எடுத்துப் பரப்பைக் குறைத்துவிடுங்கள்.

காற்றில்லாத நேரத்துக்கு டீசல்: 30 குதிரைவலு இயந்திரம் மணிக்குச் சுமார் 3 லிட்டர் குடிக்கும். ஒரு முழு நாள் ஓட்டத்துக்கு 72 லிட்டர், அதன்மேல் பாதியாவது கையிருப்பு. தீவில் கானில் வாங்கும் டீசலை வடிகட்டாமல் தாங்கியில் ஊற்ற வேண்டாம். தண்ணீர் கலந்திருந்தால் உள்வரும் வழியில், பாறைக்குப் பக்கத்தில்தான் இயந்திரம் நிற்கும்.

தெய்வேந்திரமுனையைச் சுற்றி மேற்கே போகும் பெருங்கப்பல்களும் இதே திசைதான். அவை ஏ.ஐ.எஸ். திரையில் (கப்பல்கள் தம் இடத்தை வானொலியில் அறிவிக்கும் கருவி) தெரியும். நம்முடைய பலநாள் மீன்பிடிப் படகுகள் பல அதில் தெரியாது. இரவில் கண்தான் காவல்.

*

நங்கூரம் பற்றி யாரும் சொல்லவில்லையே. உலிகனில் அதுதான் பெரிய வேலை. அடியில் மணலும் முருகைக்கல்லும் கலந்து கிடக்கும். மின்வரைபடத்தை மட்டும் நம்பாமல் செய்மதிப் படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருங்கள். வெயில் உயர்ந்த பிறகு, போலரைஸ்டு கண்ணாடியோடு ஒருவர் அணியத்தில் (படகின் முன்முனையில்) நிற்க வேண்டும். கபில நிறம் என்றால் கல், வெளிர்நீலம் என்றால் மணல்.

15 மீட்டர் ஆழத்தில் 60 மீட்டர் சங்கிலியாவது விடுங்கள். முதல் 25 மீட்டர் மணலில் கிடக்கட்டும். அதற்குமேல் 8 மீட்டருக்கு ஒரு சிறு மிதவை கட்டிச் சங்கிலியைக் கல்லுக்கு மேலே தூக்கி வையுங்கள். கட்டாவிட்டால் காற்று திரும்பும்போது சங்கிலி கல்லைச் சுற்றிக்கொள்ளும். 60 மீட்டர் விட்டும் உண்மையில் 20 மீட்டரில் தொங்குவீர்கள். ஒவ்வொரு அலைக்கும் அணியத்து உருளை வெட்டி இழுபடும், முருகையும் உடையும். ஒரு முருகைக்கல் வளரப் பல பத்தாண்டு ஆகும், தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். சங்கிலி இழுபடும் அதிர்ச்சியைத் தாங்க 14 மி.மீ. நைலோன் கயிறு 8 மீட்டர் போதும். நங்கூரம் எடுப்பதும் வெளிச்சத்தில்தான், நீருக்குள் பார்க்கும் சுழியோடிக் கண்ணாடி போட்ட ஒருவர் தண்ணீருக்குள் இருந்து வழிகாட்ட.

*

கடதாசி வேலை: காலியில் தரும் புறப்பாட்டு அனுமதியின் மூலப்பிரதி இல்லாமல் போகாதீர்கள். படகோட்டிகளின் பெயர்ப்பட்டியலில் பத்துப் பிரதியாவது வேண்டும். மாலைதீவு கேட்கும் பயணிகளின் இணையப் பதிவை, வருகைக்கு முந்திய 96 மணித்தியாலத்துக்குள் செய்ய வேண்டும். கடலில் சமிக்ஞை கிடைக்காது, ஆகவே புறப்படும் அன்றே முடியுங்கள். ஒரு முகவரையும் முன்கூட்டியே அமர்த்துங்கள்.

மதுபானம் இருந்தால் அறிவித்துவிட வேண்டும்; கரைக்குக் கொண்டுபோகக் கூடாது, தீவினருக்குக் கொடுக்கவும் கூடாது. நம்மவர்கள் சுக்கானுக்குப் பக்கத்தில் பிள்ளையார் சிலை வைப்பது வழக்கம். வழிபாட்டுச் சிலைகளை உள்ளே கொண்டுவர மாலைதீவுச் சுங்கம் அனுமதிப்பதில்லை, அதனால் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

தீவில் சில நூறு பேர்தான், காய்கறியும் குறைவு. பேலியகொடை மெனிங் சந்தையில் பூசணி, உருளைக்கிழங்கு, வெங்காயம், தேசிக்காய் வாங்குங்கள். குளிரூட்டியில் இருந்து எடுத்த எதையும் வாங்காதீர்கள், படகு வெக்கையில் நாலு நாளும் தாங்காது.