கேர் அசிஸ்டன்ட் வேலை: முதியோர் இல்லமா, வீட்டுப் பராமரிப்பா?

வன்னிமகள் (ஹாரோ, லண்டன்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 46 வயது. இங்கே நிரந்தர வதிவுரிமை இருப்பதால் வேலை செய்ய விசாத் தடை எதுவும் இல்லை. பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்த மாமியாரை அவர் கண்மூடும் வரை வீட்டிலேயே வைத்துப் பார்த்ததைத் தவிர இத்துறையில் எனக்கு வேறு அனுபவம் கிடையாது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் கேர் அசிஸ்டன்ட் வேலைக்குப் போக விரும்புகிறேன்.

இரண்டு இடங்களில் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்று முதியோர் இல்லம், காலை 8 முதல் இரவு 8 வரையான ஷிஃப்ட். மற்றையது வீடு வீடாகச் சென்று பராமரிக்கும் நிறுவனம். அங்கே மணிக்கூலி சற்றுக் கூடுதல், ஆனால் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று உறுதி தர மாட்டார்களாம். எதில் தொடங்குவது நல்லது? ஆண்களையும் குளிப்பாட்ட வேண்டி வருமா என்று வீட்டில் தயங்குகிறார்கள். அனுபவமுள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.

இரவுப்பணி (லெஸ்டர்)

வணக்கம் அக்கா. நான் முதியோர் இல்லத்தில் சீனியர் கேரராகப் பணிபுரிகிறேன். தயங்காமல் இல்லத்தில் தொடங்குங்கள் என்பதே என் கருத்து. இந்த வேலையைக் கை பழகித்தான் கற்க வேண்டும். பழகும் காலத்தில் பக்கத்தில் நின்று திருத்துவதற்கு ஒருவர் இருக்க வேண்டும். வீட்டுப் பராமரிப்பில் சில நாட்கள் இன்னொருவரோடு அனுப்பிவிட்டு, அதன்பின் ஒரு மூடிய கதவுக்குப் பின்னால் உங்களையும் நோயாளியையும் தனியே விட்டுவிடுவார்கள்.

மாமியாரைப் பார்த்த அனுபவத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போடும்போது செயலிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும் என்பது உங்களுக்கு ஏற்கெனவே கைவந்திருக்கும். புதிதாக வருபவர்கள் பலர் இதை மாற்றிச் செய்து தோளை நோகவைத்துவிடுகிறார்கள்.

இங்கிலாந்தில் புதியவர்களுக்கு கேர் சர்டிஃபிகேட் என்ற அடிப்படைப் பயிற்சி 2015 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் பாடங்களில் பெரும்பகுதியைக் கணினியில் படித்துவிடலாம் என்றாலும், ஆளைத் தூக்கி இறக்கும் பயிற்சியை நேரில் செய்து காட்டாத இடத்தில் சேர வேண்டாம். ஹொய்ஸ்டில் (ஆளைத் தூக்கும் கருவி) ஒருவரைத் தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும் என்று கேர் பிளானில் (ஒவ்வொருவரையும் எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று எழுதிவைத்த திட்டம்) இருந்தால், ஆள் பற்றாக்குறை என்று யார் சொன்னாலும் தனியாகத் தூக்கக்கூடாது. அந்த ஹொய்ஸ்டையும் அதில் ஆளைத் தாங்கும் துணியான சிலிங்கையும் பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை முறையாகப் பரிசோதித்திருக்க வேண்டும். அதன் தேதி ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

படுக்கைப்புண் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனெனில் பயிற்சியில் இதைப் போதிய அளவு சொல்வதில்லை. தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளிறாமல் இருந்தால் புண்ணின் தொடக்கம் என்று கற்பிப்பார்கள். நம்மைப் போன்ற கறுத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. குதிகால், இடுப்பு எலும்பு, முதுகின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களைக் கையால் தொட்டு, சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா, தொட்டால் அவர் முகம் சுளிக்கிறாரா என்று கவனிக்க வேண்டும். மாற்றம் தெரிந்தால் உடனே எழுதிவைத்து நர்ஸிடம் சொல்லுங்கள். ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவரிடம் விவரம் ஒப்படைக்கும் ஹாண்டோவரில் சொல்லாமல் விட்டதால் இரண்டு நாளில் புண்ணாக வெடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆண்களைக் குளிப்பாட்ட வேண்டி வரும். அதில் ஒளிவுமறைவு வேண்டாம். தங்களைப் பராமரிப்பவர் ஆணா பெண்ணா என்பதில் அவர்களுக்கும் விருப்பம் உண்டு, அது கேர் பிளானில் குறிக்கப்பட்டிருக்கும். கதவையும் திரையையும் மூடி, உடலின் மேல் துண்டைப் போட்டு, கழுவும் பகுதியை மட்டும் திறந்து, ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுச் செய்தால் இருவருக்கும் கூச்சம் குறையும். முகத்தையும் தாமே செய்யக்கூடிய மற்றப் பகுதிகளையும் அவர்கள் கையாலேயே கழுவ விடுங்கள்.

நெடுஞ்சாலை (கிராய்டன்)

மேலே எழுதியவர் சொல்வதோடு உடன்படுகிறேன். நான் வீட்டுப் பராமரிப்பில் இருப்பதால் கூலிக் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

மணிக்கு 13.50 பவுண்ட் என்று காட்டுவார்கள். ஒரு காலைப் பொழுதில் அரை மணி நேர வருகைகள் எட்டு என்றால் கையில் வருவது 54 பவுண்ட். வீட்டுக்கு வீடு காரில் செல்ல மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஆகிறது, அதற்குக் கூலி தருவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நீங்கள் உழைத்தது ஐந்தரை மணி நேரம், மணிக்கு 10 பவுண்ட் கூட விழவில்லை. 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 2026 ஏப்ரல் முதல் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 12.71 பவுண்ட். ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் செல்லும் நேரத்தையும் வேலை நேரமாகவே எண்ண வேண்டும் என்பதுதான் விதி. உங்கள் வீட்டிலிருந்து முதல் நோயாளிக்குச் செல்லும் நேரம் அதில் சேராது. ஆகவே பயண நேரத்துக்கு எப்படிக் கூலி தருகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாக மழுப்பும் நிறுவனத்தை விட்டுவிடுவதே நல்லது. சொந்தக் காரைப் பயன்படுத்தினால் காப்புறுதியில் தொழில்முறைப் பயன்பாடு சேர்க்கப்பட்டிருக்க வேண்டும்; அந்தச் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

தென்றல் (ஈஸ்ட் ஹாம்)

வீட்டுப் பராமரிப்பை அடியோடு ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மறதி நோய் முற்றும்போது, பின்னால் கற்ற ஆங்கிலம் போய், பிறந்த மொழி மட்டும் எஞ்சுவது பலருக்கும் நடக்கிறது. நான் பார்க்கும் ஐயா ஒருவர் நாற்பது ஆண்டுகள் இங்கே கணக்காளராக இருந்தவர்; இப்போது தமிழில் கேட்டால் மட்டுமே வாய் திறந்து சாப்பிடுகிறார். முந்தைய கேரர்கள் அவர் உணவை மறுப்பதாகப் பதிவேட்டில் எழுதியிருந்தார்கள். விழுங்குவதில் சிரமம் இருந்ததால் பேச்சு சிகிச்சையாளர் (விழுங்கும் சிரமத்தையும் பார்ப்பவர்) சொன்ன அளவில், நீரைக் கெட்டியாக்கும் திக்னர் பொடி கலந்து கொடுக்கிறோம். வெந்நீரா, ஆறிய நீரா என்று தமிழில் கேட்ட பிறகுதான், அவர் வெந்நீர் மட்டும் குடிப்பவர் என்று எங்களுக்குத் தெரிந்தது. (அந்தப் பொடி டப்பாவை நோயாளியின் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது, அப்படியே விழுங்கினால் தொண்டை அடைத்து உயிர் போகும்.) இத்தகைய வீடுகள் ஹாரோவிலும் நிறைய உண்டு, அங்கே உங்களைப் போன்றவர் தேவை.

வன்னிமகள்

எல்லோருக்கும் மிக்க நன்றி. முதலில் இல்லத்தில் ஓராண்டு வேலை செய்துவிட்டு, பிறகு தமிழ் முதியோர் இருக்கும் வீடுகளுக்குப் போகலாம் என்று எண்ணுகிறேன். திருச்சியில் இருக்கும் என் தோழியும் இந்த வேலைக்கு இங்கு வர முடியுமா என்று கேட்கிறாள். ஏஜென்ட் ஒருவர் பெருந்தொகை கேட்கிறாராம்.

இரவுப்பணி

ஏஜென்டிடம் பணம் கட்ட வேண்டாம் என்று தோழியிடம் இன்றே சொல்லிவிடுங்கள் அக்கா. வெளிநாட்டிலிருந்து கேர் வேலைக்குப் புதிதாக ஆள் எடுக்கும் விசா வழி 2025 ஜூலை 22 அன்று மூடப்பட்டுவிட்டது. இப்போதும் அந்த விசா வாங்கித் தருகிறேன் என்பவர் ஏமாற்றுக்காரர்.

உங்கள் திட்டம் சரியானது. சேருமுன் அந்த இல்லத்தின் பெயரை, இங்கிலாந்தில் பராமரிப்பு இடங்களை ஆய்வு செய்யும் கேர் குவாலிட்டி கமிஷனின் இணையதளத்தில் தேடி, ஆய்வறிக்கையில் ஆள் எண்ணிக்கை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். முடிந்தால் மதிய உணவு நேரத்தில் போய்ப் பாருங்கள்; ஊட்ட வேண்டியவர்களுக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுகிறார்களா, தட்டுகள் ஆறிக் கிடக்கின்றனவா என்று பார்த்தாலே அங்கே ஆள் போதுமா போதாதா என்று தெரிந்துவிடும்.