மார்கழி, தை லீவுல பிள்ளைங்களோட டெல்டாவுக்குள்ளயே எங்க போலாம்?

குடந்தை_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். அரையாண்டு லீவு வருது, அது முடிஞ்சா பொங்கல் லீவு. பெரியவன் நாலாவது படிக்கிறான், சின்னவளுக்கு நாலு வயசு, கூட மாமியார், அவங்களுக்கு முட்டி வலி, ரொம்ப தூரம் நடக்க முடியாது. வீட்ல இவரு கொடைக்கானல் போலாம்ங்கிறாரு, எனக்கு லீவு டைம்ல மலைப்பாதைல வண்டி வரிசைல நின்னு ரூம் தேடி அலையறதுக்கு மனசே வரல. நம்ம ஊர்ல பகல்ல நிம்மதியா வெளில உக்கார முடியற மாசம்னா மார்கழியும் தையும்தான், மாசி பாதிலயே வெயில் சுள்ளுனு ஏறிடும், அந்த ரெண்டு மாசத்தையும் பிள்ளைங்க வீட்டுக்குள்ள போனை நோண்டியே கழிக்குதுங்க, பாக்க வயித்தெரிச்சலா இருக்கு. காலைல கிளம்பி இருட்டுறதுக்குள்ள திரும்பணும், பிள்ளைங்க ஓடணும், பெரியவங்க உக்காரணும், அப்படி பூங்கா, ஏரி, காடுன்னு எது இருந்தாலும் சொல்லுங்க. கோயில் வேணாம், அது வருஷம் பூரா போறோம்.

இன்னொண்ணு, சின்னவளுக்கு பனி பட்டா வீசிங் வரும். "மார்கழி பனில பச்சப்புள்ளைய வெளில தூக்கிட்டு போகாத"ன்னு மாமியார் இப்பவே ஆரம்பிச்சிட்டாங்க, அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. இந்த மாதிரி பிள்ளைங்கள வச்சிருக்கவங்க எப்படி சமாளிக்கிறீங்க?

மன்னார்குடிக்காரன்:

அக்கா, கண்ண மூடிக்கிட்டு வடுவூர் போங்க. தஞ்சாவூர் மன்னார்குடி ரோட்டுலயே இருக்கு, தஞ்சாவூர்ல இருந்து 25 கிலோமீட்டர்தான். அது பாசன ஏரி, காவிரி தண்ணி வந்து ஐப்பசி கார்த்திகை மழையும் சேர்ந்து மார்கழில தளும்ப தளும்ப நிக்கும், அந்த நேரத்துலதான் பறவையும் வந்து குவியும். 1999ல சரணாலயமாக்குனாங்க, 2022ல ராம்சார் பட்டியல்லயும், அதான் உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல், அதுலயும் சேத்தாச்சு.

பிள்ளைங்களுக்கு நத்தைகுத்தி நாரைய காட்டுங்க. அதோட அலகு முழுசா மூடாது, நடுவுல ஒரு சந்து தெரியும், நத்தைய புடிச்சு உள்ள இருக்க சதைய உருவித் திங்கிறதுக்குன்னே அமைஞ்ச அலகு அது. குஞ்சுங்களுக்கு அந்த சந்து இருக்காது, வளர வளரத்தான் வரும், அதனால எது பெருசு எது சின்னதுன்னு அலக பாத்தே சொல்லிடலாம், உங்க பெரியவன் அத கண்டுபிடிக்கவே அரைமணி நேரம் ஒரே எடத்துல நிப்பான் பாருங்க. அது பக்கத்துலயே நீர்க்காகம் ரெண்டு ரெக்கையையும் விரிச்சு வச்சுக்கிட்டு மரத்து மேல நிக்கும், முங்கி மீன் புடிக்கிற பறவை, ஆனா இறக்கை தண்ணில நனைஞ்சிரும், அதான் வெயில்ல காயப்போடுது. கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் எல்லாம் இருக்கும்.

பைனாகுலர் வாங்கறதா இருந்தா 8x40 மாதிரி வாங்குங்க, பெருசா தெரியட்டும்னு அதிக பவர் வாங்கினா பிள்ளைங்க கையில ஆடிக்கிட்டே இருக்கும், ஒண்ணும் நிக்காது. செவப்பு, பளிச் மஞ்சள் சட்டை போட வேணாம். பறவை பறக்கட்டும்னு கை தட்டுறது, கல்லு விடுறது, இத பெரியவங்களே செய்யறாங்க, தயவு செஞ்சு நம்ம பிள்ளைங்களுக்கு அந்த பழக்கம் வரவிடாதீங்க.

வேதாரண்யம்_வாசி:

வடுவூர் நல்ல எடம்தான், ஆனா ஓடி விளையாடணும், மிருகமும் பாக்கணும்னா கோடியக்கரைக்கு வாங்கம்மா. கும்பகோணத்துல இருந்து தூரம்தான், விடியக்காலைல கிளம்பணும். 1967ல இருந்தே சரணாலயம். செக்போஸ்ட்ல டிக்கெட் போட்டுட்டு உள்ள போனா ஒரு பக்கம் காடு, இன்னொரு பக்கம் புல்வெளி, மழை முடிஞ்ச நேரம் பச்சப்பசேல்னு கிடக்கும். வெளிமான் கூட்டம் கூட்டமா மேயும். கெடா கருப்பா முறுக்கின கொம்போட இருக்கும், பொட்டையும் குட்டியும் வெளுத்த பழுப்பு. சத்தம் கேட்டுச்சுன்னா ஒண்ணு பின்னால ஒண்ணா எகிறி எகிறி ஓடும் பாருங்க, அத போன்ல எடுக்க முடியாது, கண்ணால பாத்தாதான் உண்டு. மட்டக்குதிரையும் திரியும், வீட்டுல வளத்து விட்ட குதிரைங்களோட வாரிசு, இப்ப யாருக்கும் சொந்தமில்லாம காட்டுக்குதிரையா சுத்துது.

மாமியார் வண்டிய விட்டு இறங்கவே வேணாம், உள்ள இருந்தே பாக்கலாம். சதுப்புப் பக்கம் பூநாரை வரும், உப்புத்தண்ணில இருக்க பாசியும் சின்ன இறாலும் திங்கிறதாலதான் அந்த ரோஸ் கலரே வருது, இத பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டு காட்டுங்க.

குரங்கு தொல்லை உண்டு. சாப்பாட்டு மூட்டைய வெளில விரிக்கக் கூடாது, பையில கட்டி வண்டிக்குள்ளயே வச்சு சாப்பிடுங்க, பாவம்னு ஒரு பழம் குடுத்தா அடுத்த வண்டிக்காரன் பாடு திண்டாட்டம். கஜா புயல்ல, 2018 நவம்பர் 16, எங்க காட்டுல எவ்ளோ மரம் போச்சுன்னு எங்களுக்குத்தான் தெரியும், இப்பதான் துளிர்த்து வருது, அதனால உள்ள பிளாஸ்டிக் போடுற ஆளுங்கள பாத்தா மனசு கொதிக்குது.

ரயில்னா பிள்ளைங்களுக்கு கொண்டாட்டம்தான். திருத்துறைப்பூண்டி அகஸ்தியம்பள்ளி ரயில் 2023ல இருந்து திரும்ப ஓடுது. அகஸ்தியம்பள்ளில இறங்கி ஆட்டோ புடிச்சுக்கலாம். நேரத்த மட்டும் முன்னாடியே பாத்துக்கோங்க, அடிக்கடி கிடையாது.

ஊர்சுத்தி_நாகை:

கோடியக்கரை வரைக்கும் வந்துட்டு அத மட்டும் பாத்துட்டா போவீங்க? காலைல கோடியக்கரை, மதியம் வேளாங்கண்ணி பீச், சாயங்காலம் தரங்கம்பாடி கோட்டை, 1620ல டேனிஷ்காரங்க கட்டுனது, எல்லாம் ஒரே நாள்ல முடிச்சிரலாம், கார் இருந்தா போதும்.

தஞ்சை_வாத்தியாரம்மா:

நாகை தம்பி, கோவிச்சுக்காத, அது பெரியவங்க டூர். நாலு வயசு புள்ளைய வச்சுக்கிட்டு மூணு எடம்னா பாதி நாள் கார்லயே போயிரும், புள்ளை தூங்கும், இல்லன்னா வாந்தி எடுக்கும், கடைசில "எங்கடா போன?"ன்னு கேட்டா "ஐஸ்கிரீம்"னு சொல்லும். ஒரு நாளைக்கு ஒரு எடம். போய் பாயை விரிச்சு உக்காந்துருங்க. பிள்ளைங்க முதல் ஒரு மணி நேரம் "போர் அடிக்குது"ன்னு பாடும், அதுக்கப்புறம் தானே குச்சி பொறுக்கும், எறும்பு பின்னாடி போகும். அந்த முதல் ஒரு மணி நேரத்துல நாமளே போனை எடுத்து கையில குடுக்காம இருக்கணும், அவ்ளோதான் விஷயம். நீங்களும் போனை பையில போட்ருங்க, நாம பாத்துக்கிட்டே அவங்கள பாக்காதன்னு சொன்னா எடுபடாது.

வீசிங்குக்கு வரேன். டாக்டர் குடுத்த பம்ப் கண்டிப்பா கையில இருக்கணும், கிளம்பறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க. நம்ம பக்கம் தை மாசத்துலயே விடியக்காலைல 20 டிகிரி கிட்டதான் இருக்கும், வெயில் வந்து புல்லுல பனி காஞ்சதுக்கப்புறம் இறக்கிவிட்டா பெரும்பாலும் பயமில்ல. காலைல காதுக்கு குல்லா, முழுக்கை சட்டை, வெயில் ஏறுனதும் கழட்டிருங்க, வேர்த்து அந்த ஈரம் உடம்புல காயறதும் ஆகாது. அதவிட எனக்கு பயம் புகைதான். போகி அன்னைக்கு காலைல டயரும் பாயும் எரிக்கிற புகை பனியோட சேர்ந்து தரையோடயே நிக்கும், அன்னைக்கு மட்டும் பிள்ளைய வெளில கூட்டிட்டு போகாதீங்க.

முதல் தடவைக்கு தஞ்சாவூர் சிவகங்கை பூங்கா போதும்மா. பெரிய கோயில ஒட்டியே இருக்கு, 1870கள்ல உண்டான பூங்கா, பெரிய பெரிய மர நிழல், பக்கத்துலயே சிவகங்கை குளம், 1779ல கட்டின ஸ்வார்ட்ஸ் சர்ச். மாமியாருக்கு நடை கம்மி. அங்க பழகிட்டு தைல வடுவூர், அப்புறம் கோடியக்கரைன்னு போங்க.

கல்லணை_ரவி:

காணும் பொங்கலுக்கு எல்லாரும் கல்லணைதான் சொல்லுவாங்க, நானும் அந்த ஊர்ப்பக்கம்தான், கட்டுச்சோறு, கரும்பு, சொந்தக்காரங்கன்னு பாக்கவே நிறைவா இருக்கும். ஆனா ஒண்ணு சொல்றேன், பிள்ளைங்கள தண்ணில இறக்காதீங்க. மேட்டூர் ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுறதுதான் வழக்கம், அதனால பொங்கல் நேரத்துல ஆத்துலயும் புதாத்துலயும், அதான் கல்லணைக் கால்வாய்லயும், தண்ணி ஓடிக்கிட்டுதான் இருக்கும். மேல பாத்தா அமைதியா ஓடும், மதகுகிட்ட சுழல் இருக்கும். கொள்ளிடத்துல மணல் அள்ளின பள்ளம் வேற, முழங்கால் தண்ணின்னு நினைச்சு வைக்கிற அடுத்த காலு ஆளையே முழுங்கிரும். நீச்சல் தெரிஞ்ச பெரியவங்களே போயிருக்காங்க. பூங்கால ஊஞ்சல் ஆடட்டும், சறுக்குல ஏறட்டும், தண்ணிய பாலத்து மேல இருந்து பாக்கட்டும். கூட்டம் வேணாம்னா காணும் பொங்கல விட்டுட்டு அடுத்த வாரம் சாதா நாள்ல வாங்க.

குடந்தை_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வாத்தியாரம்மா, உங்க பதில மாமியார்கிட்ட அப்படியே படிச்சு காட்டுனேன், புகை விஷயம் கேட்டதும் "அந்தம்மா விவரமானவங்க"ன்னு ஒத்துக்கிட்டாங்க. லீவு ஆரம்பத்துல சிவகங்கை பூங்கா, பொங்கல் முடிஞ்சு வடுவூர்னு முடிவு பண்ணிருக்கோம். மன்னார்குடி தம்பி, வடுவூர்ல ஏரிக்கரைல உக்கார நிழல் இருக்குமா, இல்ல குடை எடுத்துட்டு வரணுமா?

மன்னார்குடிக்காரன்:

கரைல மரம் இருக்குக்கா, காலைல பிரச்சனையில்ல. உச்சி வெயிலுக்கு குடை இருந்தா அம்மாவுக்கு நல்லது, மடக்கு நாற்காலி ஒண்ணும் போட்டுக்கோங்க, கீழ உக்காந்தா முட்டி வலிக்கு எழுந்திரிக்க கஷ்டம். சாயங்காலம் நாலு மணிக்கு மேலயும் கொஞ்சம் இருந்துட்டு போங்க, வயல்ல மேயப்போன கொக்கு நாரையெல்லாம் அடையறதுக்கு திரும்ப வர்ற நேரம். தண்ணியும் கொசுவுக்கு எண்ணெயும் மறக்காம எடுத்துக்கோங்க.