கிராஷ்: ‘உடைப்பு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அலாரம் செயலியின் தமிழாக்கத்தில், ஓடும் செயலி திடீரென்று நின்றுபோவதைக் குறிக்கும் ‘கிராஷ்’ என்பதற்கு எந்தச் சொல்லை வைப்பது என்ற உரையாடலில் ‘செயலிழப்பு’, ‘முறிவு’, ‘நொறுங்கல்’, ‘சிதைவு’ ஆகிய நான்கும் இதுவரை வந்துள்ளன. நான்கையும் விடுத்து ‘உடைப்பு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கான காரணத்தை, இப்போது நம் கையில் இருக்கும் வழுவை (‘பக்’) வைத்தே விளக்குகிறேன். சொல் புழங்க வேண்டிய வேலையைப் பார்க்காமல் சொல்லை மட்டும் எடைபோட்டுக்கொண்டிருந்தால் இந்த விவாதம் முடியாது.

நீடாமங்கலம் பக்கத்து விவசாயிகள் சிலர், இரவில் மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்கு மோட்டார் போடவும், முறைத்தண்ணீர் தங்கள் வாய்க்காலுக்கு வரும் நேரத்துக்கு மடை திறக்கவும் இந்தச் செயலியில் அலாரம் வைக்கிறார்கள். சில இரவுகளில் அலாரம் அடிக்கவில்லை. குறுவைப் பயிர் நிற்கும் வயலுக்கு முறை தவறினால் என்ன ஆகும் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. அவர்கள் அனுப்பிய அறிவிப்புகள் எல்லாவற்றிலும் ‘செயலிழந்தது’ என்ற ஒரே சொல்தான் இருந்தது, ஏனென்றால் பிழை அறிவிக்கும் படிவத்தில் நாம் வைத்திருந்த சொல் அது ஒன்றுதான்.

அலாரம் அடிக்காமல் போவதற்குக் குறைந்தது நான்கு வழிகள் உண்டு. ஆண்ட்ராய்டு 6-இல் (2015) வந்த ‘டோஸ்’ ஏற்பாடு, திரை அணைந்து போன் அசையாமல் கிடக்கும்போது சாதாரண அலாரங்களைத் தள்ளிவைக்கிறது. செயலிக்கு எந்தக் கேடும் நேர்வதில்லை, மணி தாமதமாக அடிக்கிறது. சில போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்துவதாகச் சொல்லிச் செயலியையே நிறுத்திவிடுகின்றன. போன் மறுதொடக்கம் ஆனாலோ, அதுவரை பதிந்திருந்த அலாரங்கள் அனைத்தையும் ஆண்ட்ராய்டு மறந்துவிடும். செயலிதான் எழுந்து அவற்றை மறுபடியும் பதிய வேண்டும். கடைசியாகத்தான் கிராஷ் வருகிறது: ஓடிக்கொண்டிருக்கும் நிரல், கையாள வழி எழுதப்படாத ஒரு நிலையில் சிக்கி, சட்டென்று அறுந்துபோவது. முதல் மூன்றிலும் நிரல் எந்த வரியிலும் அறுந்து நிற்பதில்லை. நான்காவதில் அறுந்த வரியைப் போனே எழுதிவைத்துவிடுகிறது. இந்த நான்கையும் ‘செயலிழப்பு’ என்ற ஒரே சொல் மூடிவிடுவதால், அறிவிப்பைப் படிப்பவருக்கு எங்கே தொடங்குவது என்றே தெரிவதில்லை.

அந்த ஊர்ப் போன் ஒன்றிலிருந்து கிடைத்த லாக்கேட் பதிவில் (போன் தன் இயக்கத்தை வரிவரியாக எழுதிவைக்கும் குறிப்பு), ‘ஃபேட்டல் எக்ஸெப்ஷன்’ (செயலியை நிறுத்திவிடும் பிழை) என்ற தலைப்பின் கீழ், ரிசீவரை, அதாவது நேரம் வந்ததும் ஆண்ட்ராய்டு எழுப்பும் செயலிப் பகுதியைத் தொடங்க முடியவில்லை என்று முதல் வரி சொன்னது. அங்கேயே நின்றிருந்தால் ரிசீவரைத்தான் துருவிக்கொண்டிருந்திருப்போம். கீழே இறங்கிப் பார்த்தால், ‘காஸ்டு பை’ (இதனால் நேர்ந்தது) என்று தொடங்கும் வரியில் உண்மைக் காரணம் இருந்தது: பயனர் பூட்டைத் திறக்கும்வரை ஷேர்டு பிரிஃபரன்ஸஸ் (செயலி தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் கோப்பு) கிடைக்காது என்ற ‘இல்லீகல் ஸ்டேட் எக்ஸெப்ஷன்’ வகைப் பிழை. இரவில் மென்பொருள் புதுப்பிப்பு முடிந்து போன் தானாக மறுதொடக்கம் ஆகியிருந்தது. ஆண்ட்ராய்டு 7 (2016) கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, மறுதொடக்கத்துக்குப் பிறகு பயனர் தம் பின் எண்ணை இடும்வரை அவருடைய தரவு மறைகுறியாக்கப்பட்டுப் பூட்டியே இருக்கும். சாதனத்துக்கென ஒதுக்கிய தனிச் சேமிப்பிடம் மட்டும் திறந்திருக்கும். நம் செயலி, பூட்டு திறக்கும் முன்பே இயங்கலாம் என்று அறிவித்துக்கொண்ட செயலி. அலாரப் பட்டியல் திறந்த சேமிப்பிடத்தில் இருந்ததால், அது எழுந்து எல்லாவற்றையும் ஒழுங்காகப் பதிந்தது; நேரம் வந்ததும், எந்த ஒலியை எழுப்புவது என்று பார்ப்பதற்காகப் பூட்டிய சேமிப்பிடத்தைத் தொட்டது; அந்த வரியிலேயே அறுந்தது. ஒலி அமைப்புகளைத் திறந்த சேமிப்பிடத்துக்கு மாற்றி, அதுவும் கிடைக்காவிட்டால் செயலியோடு வரும் மணியையே அடிக்கச் செய்ததும் சிக்கல் தீர்ந்தது. கையால் மறுதொடக்கம் செய்து, பூட்டைத் திறக்காமல் காத்திருந்தால் எவரும் இதைச் சோதித்துக்கொள்ளலாம்.

ஆற்றங்கரையோ வாய்க்கால் கரையோ திடீரென்று அறுந்து தண்ணீர் வெளியேறினால் டெல்டாவில் ‘உடைப்பெடுத்தது’ என்கிறோம். மதகை அடைத்துத் தண்ணீரை நிறுத்தியதற்கோ, மேலணையில் தண்ணீர் விடாததற்கோ அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. வயலுக்குத் தண்ணீர் வராததற்கு உள்ள பல காரணங்களில் ஒன்றை மட்டும் அது பிரித்துக் காட்டுகிறது. கிராஷ் என்ற சொல்லிடமிருந்து நமக்கு வேண்டியதும் அந்தப் பிரிப்புதான். இன்னொரு பொருத்தமும் உண்டு. உடைப்பெடுத்த இடம் ஒன்றாகவும், கரையை உள்ளுக்குள் அரித்த நண்டு வளை வேறாகவும் இருக்கும் என்பது கரையோரத்தில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். மேலே சொன்ன பதிவில் முதல் வரிக்கும் ‘காஸ்டு பை’ வரிக்கும் இருந்த உறவு அதுவே. எனவே ‘உடைப்பிடம்’, ‘உடைப்புப் பதிவு’, அறுந்த வரிவரை நிரல் வந்த வழியைக் காட்டும் ஸ்டாக் டிரேஸுக்கு ‘உடைப்புத் தடம்’ என்று சொற்கள் இயல்பாகக் கிளைக்கின்றன. தீர்வைக் குறிக்க ‘அடைப்பு’ என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதியிருந்தார். அது தடையைக் குறிக்கும் சொல்லாகவும் புழங்குவதால் அந்த அளவுக்கு நீட்ட வேண்டாம். ‘திருத்தம்’ போதும்.

மற்ற சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘சிதைவு’ கோப்புகள் கெட்டுப்போவதற்கு ஏற்கெனவே வழங்குகிறது. ‘முறிவு’ என்பதை நிரலை நாமே வேண்டுமென்று நிறுத்திப் பார்க்கும் முறிவுப்புள்ளிக்கு விட்டுவைப்பது நல்லது. ‘நொறுங்கல்’ பொருளே தூளாகிவிட்டதாகப் படுகிறது. செயலியோ அடுத்த நொடி மறுபடியும் திறக்கிறது. ‘செயலி செயலிழந்தது’ என்ற தொடர் காதுக்கே இடறுகிறது.

கும்பகோணத்து அம்மையார் எழுப்பிய மறுப்பு கனமானது. உடைத்தல் பிறவினை, தானாக நேர்வதற்கு ‘உடைவு’ என்பதே முறை, ‘உடைப்பு’ என்றால் யாரோ பூட்டை உடைத்துப் புகுந்ததாகப் பொருள்படும் என்றார்கள். வினைவடிவத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. ஆயினும் ‘உடைப்பெடுத்தல்’ என்ற கூட்டுவினை தானாக நேர்வதற்கே நெடுங்காலமாக வழங்குகிறது. ‘ஆறு உடைப்பெடுத்தது’ என்ற தொடரில் யாரும் உடைத்தவரைத் தேடுவதில்லை. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் மதகுகள் வெள்ளத்தில் போனபோது ‘மதகுகள் உடைந்தன’ என்றே சொன்னோம். கட்டுமானம் விழுந்தால் உடைதல், கரை அறுந்தால் உடைப்பெடுத்தல் என்று வழக்கு தெளிவாகவே பிரிக்கிறது. ஆகவே திரையில் வரும் வாக்கியங்களில் ‘உடைப்பு’ என்று தனியே நிறுத்தாமல், ‘உடைப்பெடுத்தது’ என்ற முழு வினையையே எழுதினால் திருட்டுப் பொருள் எழாது.

டெல்டாவுக்கு வெளியே இச்சொல் புரியுமா என்ற ஐயத்துக்கும் விடை உண்டு. ஈழத்துச் செய்திகளில் மழைக்காலம் வந்தால் ‘குளம் உடைப்பெடுத்தது’ என்ற தொடரைப் பார்க்கலாம். ஏரியும் குளமும் உள்ள ஊர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டிய தேவை இருக்காது.

மன்னார்குடி ஆசிரியர் ஐயா, அலாரம் தொடர்பான வழுக்களை மட்டும் ‘காலவழு’ என்று அழைக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். நன்னூல் சொல்லும் ஏழு வழுக்களில் காலவழுவும் ஒன்று. ‘நேற்று வருவான்’ போன்ற தொடர்களுக்கு உரிய பெயர் அது. ‘பக்’ என்பதற்கு வழு என்ற சொல்லை இலக்கணத்திலிருந்தே பெற்றுக்கொண்ட நாம், அங்கே பொருள் உறுதியாகிவிட்ட ஒரு பெயரை வேறொன்றுக்குச் சூட்ட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பிழை அறிவிக்கும் படிவத்தின் வரைவில் ‘செயலிழந்தது’ என்பதை நீக்கி, ‘செயலி உடைப்பெடுத்தது’, ‘அலாரம் தாமதமாக அடித்தது’, ‘அலாரம் அடிக்கவே இல்லை’ என்ற மூன்று தேர்வுகளை வைத்திருக்கிறேன். போன் அன்றிரவு மறுதொடக்கம் ஆனதா என்ற கேள்வியையும் சேர்த்துள்ளேன். செயலி நிற்காமலும் நகராமலும் உறைந்துபோகும் ‘ஹேங்’ என்பதற்கு ‘உறைவு’ சரியா என்பது இன்னும் முடிவாகவில்லை. அதைத் தனி இழையில் பேசலாம்.